பார்வைக் கட்டணம்

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயரே "கட்டணம்"தான். வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் மேனேஜர். பெற்றவர்கள் ஆசையாக வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள், அது அவர்கள் பாடு. அவர் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றால், "கட்டணம் வந்தாச்சு" என்று மாடிக்கு மாடி சேதி போய்விடும். குழந்தைகள்கூட "கட்டணம் மாமா" என்றுதான் சொல்லும். அவருக்கும் இது தெரியும். அதற்கு மட்டும் காசு கேட்க இன்னும் அவருக்கு வழி தெரியவில்லை.

வீட்டு ஓனரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எல்லாம் கட்டணம் வழியாகத்தான். குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்தால் புகார்ப் பதிவுக் கட்டணம். நிஜமாகவே ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தால் பார்வைக் கட்டணம். பார்த்துவிட்டு, "நீங்க அழுத்தித் திருகியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கும் மேல் ஒரு பழுதுக் கட்டணம். குழாய் அதன் பிறகும் ஜம்மென்று ஒழுகிக்கொண்டிருக்கும். கட்ட நாளானால் நினைவூட்டுக் கட்டணம். அவர் நம்மை மனதில் நினைத்துக்கொள்வதற்கே காசு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்தக் கட்டடத்தில் யாரும் புகார் சொல்வதில்லை. மறைப்பார்கள். அவர் வீட்டைப் பார்க்க வரும் நாளில், விரிசல் மேல் காலண்டர் ஏறும், உடைந்த தரைக்கல் மேல் மிதியடி விழும், ஒழுகும் குழாயின் வாயில் துணியைச் சுற்றி அதன்மேல் துடைக்கிற துண்டைப் போட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருக்கும். அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, குறை ஒன்றும் கண்ணில் படாத எரிச்சலில் பார்வைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் பெயிண்டர்.

எங்களுக்கு இருப்பது ஒரு கூடம், ஒரு சின்ன ரூம், சமையலறை. ரூமில் பாப்பாவின் கட்டில். கட்டிலை ஒட்டின சுவருக்குள்ளே எங்கேயோ தண்ணீர்க் குழாய் போகிறது, அது கசிகிறது. கீழிருந்து கறுப்பாக ஏறிக்கொண்டே வரும். கையை வைத்தால் ஜில்லென்று ஒட்டும். முதல் தடவை விவரம் தெரியாமல் போன் செய்தோம். கட்டணம் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார்.

"நீங்க சமைக்கிறீங்க, துணி காயப்போடறீங்க, ஜன்னலைத் திறக்கிறதில்லை. மூணு பேர் மூச்சு விடறீங்க. ஈரம் வராம என்ன செய்யும்?"

மூச்சு விட்டதற்கும் சேர்த்துக் கட்டினோம். அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் வாயில்லாப் பூச்சி. யாராவது சட்டை பாக்கெட்டில் பேனாவோடு எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிற ரகம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மனுஷனைக் குறை சொல்ல முடியாது. கட்டணம் வரப்போகிறார் என்று ஒரு வாரம் முன்னால் செய்தி வரும். உடனே இவர் கறுத்த இடத்தைச் சுரண்டுவார், பள்ளம் மூடப் பட்டி மாவு வைத்து இழுப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், ஈரம் தடுக்கிற பூச்சு அடித்து அதன்மேல் வெள்ளை அடிப்பார். ஆஸ்பத்திரிகளுக்கு அடிக்கிற வாசனை வராத பெயிண்ட், மிச்சம் மீதியை வாளியில் கொண்டுவந்து வைத்திருப்பார். பிறகு இரவு பகலாக ஃபேனைத் திருப்பிவைத்துக் காயவிடுவார். கட்டணம் வருகிற அன்று வீட்டிலேயே நல்ல சுவர் அதுதான் என்று சத்தியம் பண்ணலாம். அவர் போன சில நாளில் அது மறுபடியும் தன் புத்தியைக் காட்டும்.

பாப்பாவுக்கு இருமல் வந்தது. போகவில்லை. டாக்டர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டில ஈரம் கசியுதா?" என்று கேட்டார்.

"இல்லையே டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பி முறைத்தேன். அவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வாய் பழகிவிட்டது. வெளியில் வந்ததும், "டாக்டரும் கட்டணமும் ஒண்ணா உங்களுக்கு?" என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் பாப்பாவின் மருந்துச் சீட்டை மடித்து மடித்து ஒரு விரல் அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இந்த வருஷம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது புதிதாக ஒன்று முளைத்தது. சுவர்ப் பராமரிப்புக் கட்டணம். வருஷா வருஷம் நம் சுவர்களைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறதாம், அதற்கு.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "எந்தச் சுவரை சார் பார்த்துக்கறீங்க? எங்க வீட்டுச் சுவரையா, உங்க வீட்டுச் சுவரையா?" என்று மாடிப்படியிலேயே கேட்டுவிட்டேன். கட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டேன். மூன்று வீட்டுக் கதவுகள் லேசாகத் திறந்து மூடின.

மறுநாள் எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. புதுக் கட்டணத்தோடு எல்லா பாக்கியையும் கட்ட வேண்டும், இல்லையென்றால் மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். இந்த வாடகைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. பாப்பாவின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது, இரண்டு வாளி பெயிண்ட்.

"உன்னை யாரு வாயைக் குடுக்கச் சொன்னா?" என்றார், அழுகிற குரலில்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற இடத்தில். போர்வைகளை இஸ்திரி போட்டு மடிப்பது என் வேலை. அடுத்த மேஜையில் ஒரு அக்கா. நான் அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நீ அழுது நனைக்கிறதை நானா மறுபடி காயப்போடறது?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். வாடகைக்கு இருக்கிறவர்களின் வழக்கைக் கேட்க என்றே ஒரு அலுவலகம் இருப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் ஒருமுறை போயிருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன். அங்கே ஒரு அதிகாரியம்மா, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். நான் தொட்டுக் காட்டினேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பேச வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பழுது பார்க்கிறது ஓனர் பொறுப்பும்மா. புகார் சொல்றதுக்கு உங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. கேள்வி கேட்டீங்கன்னு வெளியே போகச் சொல்லவும் கூடாது," என்றார் அவர். கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாள் யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லையே என்று ஆத்திரமும் வந்தது. "ஆனா ஒண்ணு. கட்டணம் சரியா தப்பான்னு நான் சொல்லணும்னா அந்தச் சுவரை நான் பார்க்கணும். ஈரம் இருக்குன்னா நோட்டீஸ் செல்லாது. சுவர் நல்லா இருக்குன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, நீங்க காலிபண்ண வேண்டியதுதான். போட்டோ ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

எங்களிடம் போட்டோ இருந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தபிறகு, பளபளவென்று இருக்கும் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். புது ஆட்களுக்குத் தன் வேலையைக் காட்ட. கறுத்த சுவரை யார் படம் எடுப்பார்கள்?

"போட்டோ இல்லை மேடம். நேர்ல வந்து பாருங்க. பார்த்தா உங்களுக்கே தெரியும்," என்றேன்.

"மேனேஜரையும் வரச் சொல்வேன். ரெண்டு பேரையும் வச்சுத்தான் பார்க்கணும், அது முறை. நாள் போன்ல சொல்றேன்."

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. ஆபீஸ், புகார், அதிகாரி என்று ஆரம்பித்தால் அந்த மனுஷன் அன்றைக்கே பாத்திரத்தைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். வந்து பார்க்கிற அன்று காலையில் சொல்லிக்கொள்ளலாம், ஓட நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். சுவர் அப்போது நன்றாகவே கறுத்திருந்தது. ஜன்னல் உயரத்துக்கு ஏறியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கறுப்பைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. ஏறு, இன்னும் ஏறு என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் அதிகாரியம்மா போன் செய்தார். நாளைக்குக் காலையில் வருகிறார். எனக்கு மேஜை நிறையப் போர்வை, மேற்பார்வைக்காரர் தலைமேல் நிற்கிறார். அவசரமாக என் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி தட்டிவிட்டேன். "நாளைக்கு காலைல வீட்டைப் பார்க்க வர்றாங்க. நீங்க வேலைக்குப் போகாம இருங்க." அவர் உடனே "சரி" என்று அனுப்பினார். நான் நிம்மதியாகப் போர்வையை மடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் பாப்பாவின் கட்டில் நின்றது. பாப்பா அதில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கட்டில் இங்கே வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் ரூம் பக்கம் போக மாட்டேன் என்றது.

என் வீட்டுக்காரர் ரூமிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு பெருமை.

"நீ ஒண்ணும் டென்ஷன் ஆகாத. சேதி பார்த்ததும் பாதி வேலையில விட்டுட்டு வந்துட்டேன். முடிச்சாச்சு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். கறுப்பு இருந்த இடமே தெரியவில்லை. தரையிலிருந்து ஜன்னல்வரைக்கும் வெள்ளைவெளேரென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல். கூலிக்கு அடிக்கிற சுவரைக்கூட அவர் இவ்வளவு கவனமாக அடித்திருக்க மாட்டார். ஃபேன் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பவும் ஒரு வாரம் டைம் குடுப்பான். இந்தத் தடவை ஒரே நாள். வேணும்னே பண்றான்," என்றார் அவர்.

"வர்றது அவர் மட்டும் இல்லைங்க."

"பின்னே?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த பெருமை போய், ரத்தமும் போய், கடைசியில் சுவர் நிறத்துக்கு வந்துவிட்டார்.

"ஈரத்தைப் பார்க்கவா வர்றாங்க?" என்றார். "ஈரத்தையா?"

"ஈரம் இருந்தாத்தான் நாம இங்க இருக்கலாம். இல்லைன்னா மாசக் கடைசியில வெளியே. புரியுதா?"

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க இருந்திருப்பீங்களா? யாரு வர்றாங்கன்னு நீங்கதான் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வீட்டைப் பார்க்க வர்றாங்கன்னா நான் வேற என்ன நினைப்பேன்?" என்றார்.

இந்த வீட்டில் பார்க்க வருகிறார்கள் என்றால் மறைக்க வேண்டும். அதைத்தான் இத்தனை வருஷமும் நாங்கள் மூன்று பேரும் கற்றுக்கொண்டிருந்தோம். பாப்பாகூட அன்றைக்கு அவள் அப்பாவுக்கு உப்புத்தாள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

பாப்பா காதில் விழாமல் இருக்க, சமையலறையில் நின்று குசுகுசுவென்று சண்டை போட்டோம். சுரண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். "புதுசாச் சுரண்டின சுவரைப் பார்த்தா, நாமளே பேத்துட்டுப் பழி போடறோம்னு சொல்வான். அதுவும் இல்லாம ஒப்பந்தத்துல போட்டிருக்கான், அனுமதி இல்லாம சுவர்ல கைவைக்கக் கூடாது, வச்சா காலி பண்ணணும்னு. பெயிண்ட் அடிச்சதே நாமதான்னு தெரிஞ்சா அதுக்கும் வெளியே அனுப்புவான்."

அப்படியானால் அடித்ததைச் சொன்னாலும் வெளியே, சொல்லாவிட்டாலும் வெளியே. ரூமுக்குள் போனேன். அந்த ஃபேன் இன்னும் சுவருக்கு விசிறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி ஒரு அடி வைத்து ஸ்விட்சை அணைத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு யோசிக்கத் தெம்பு இல்லை.

காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதற்குள் அதிகாரியம்மா வந்துவிட்டார். அவர் பின்னாலேயே கட்டணமும் வந்தார், கக்கத்தில் தோல்பையோடு. என் வீட்டுக்காரர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றார்.

"எங்கம்மா அந்தச் சுவர்?" என்றார் அதிகாரியம்மா.

கையால் ரூமைக் காட்டினேன். அவர் தலைமேலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான் மேடம்," என்றேன்.

கட்டணத்துக்கு வாயெல்லாம் பல். "மேடம், எனக்கு ஆபீஸ்ல எவ்வளவு வேலை கிடக்கு தெரியுமா? இந்தச் சுவரைப் பார்க்கவா என்னை வரச் சொன்னீங்க? இந்த மாதிரி பொய்ப் புகார் குடுத்து வாடகைக்காரங்க எங்களைப் படுத்தற பாடு இருக்கே."

அதிகாரியம்மாவின் முகம் இறுகிவிட்டது. என்மேல் கோபம் என்று தெரிந்தது. தரை பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. இருந்தாலும் அவர் தன் முறைப்படி கையிலிருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டணமாகக் கேட்க ஆரம்பித்தார். அது எதற்கு, இது எதற்கு. கட்டணம் பிடி கொடுக்காமல் பதில் சொன்னார்.

"சுவர்ப் பராமரிப்புன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே. இந்த வீட்டுல இதுக்கு என்ன வேலை செஞ்சீங்க?"

கட்டணம் ஒரு விநாடி தடுமாறினார். பிறகு அவர் கண் அந்த வெள்ளைச் சுவருக்குப் போனது. காசு கண்ணில் பட்டால் அவர் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி மலர்ந்தது.

"இதோ கண்ணுக்கு முன்னாடி நிக்குதே மேடம். போன மாசம் எங்க ஆளுங்க வந்து அடிச்சிட்டுப் போனாங்க. பாருங்க, என்ன நேர்த்தி! நல்ல ஆளுங்களைப் போட்டுத்தான் செய்யறோம். அதுக்குக் கட்டணம் கேட்டா தப்பா?"

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. காது மடல் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

அதிகாரியம்மா தரையோரத்தைப் பார்க்கக் குனிந்தார். மூட்டுவலி போலிருக்கிறது, பாதி குனிந்ததும் தடுமாறி, விழாமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றினார். நிமிர்ந்து கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காயாத வெள்ளை. சுவரில் அவர் கை இருந்த இடத்தில் ஐந்து விரலும் ஈரக் கறையாகப் பதிந்திருந்தது.

"போன மாசமா?" என்றார்.

கட்டணத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த ஆள் பிழைக்கத் தெரிந்தவர். மூச்சு விடுகிற நேரத்தில் பல்டி அடித்தார்.

"அப்போ இவங்க வேலை மேடம் இது! எங்க ஆளுங்க அடிச்சது மேல இவங்க அடிச்சிருக்காங்க. அனுமதி கேட்காம சுவர்ல கைவச்சிருக்காங்க. ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. இந்த ஒரு காரணம் போதும், இவங்களை நாளைக்கே காலி பண்ண வைக்கலாம்." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நீயா அடிச்சே? சொல்லு, மேடம் முன்னாடியே சொல்லு."

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். யார் அடித்தார்கள் என்று தெரியாது என்று நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கதவோரத்தைவிட்டு முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் மேடம் அடிச்சேன். நேத்து. போன தடவையும் நான்தான், அதுக்கு முன்னாடியும் நான்தான். இவங்க ஆளுங்க யாரும் ஒருநாள்கூட வந்ததில்லை."

"நேத்தா? நான் வர்றேன்னு தெரிஞ்சுமா?"

"வீட்டைப் பார்க்க வர்றாங்கன்னு தெரியும் மேடம்."

"நான் வர்றதே இந்த ஈரத்தைப் பார்க்கத்தானேப்பா. அதைப் போய் ஏன் மறைச்சே?"

அவர் அதிகாரியம்மாவைப் பார்த்தார். கட்டணத்தைப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"பார்த்தா காசு கேப்பாங்களே மேடம்."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வெட்கமா, கோபமா, அவர்மேல் பாசமா என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரியம்மா வெள்ளைக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், துடைக்கக்கூட இல்லை.

"அடியில என்ன இருக்கு? காட்ட முடியுமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் போய்ப் பட்டி வைக்கிற தகட்டை எடுத்துவந்தார். சுவர் முன்னால் உட்கார்ந்து, ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தகட்டைக் கொடுத்து இழுத்தார். பூச்சு ஊறின அட்டை மாதிரி பெயர்ந்து வந்தது. வெள்ளை, அதன்கீழே பட்டி, அதன்கீழே இன்னொரு வெள்ளை, மறுபடி பட்டி. கட்டணம் வந்துபோன ஒவ்வொரு தடவைக்கும் அங்கே ஒரு அடுக்கு இருந்தது. கடைசியில் செங்கல் வந்தது. செங்கல் கறுத்துப் பொதபொதவென்று இருந்தது. தகடு பட்ட இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, பிறகு கோடாக இறங்கியது. ஒரு நாற்றம் வந்தது. பாப்பா இத்தனை நாள் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்த பக்கம் அது. நாங்கள் அடைத்து வைத்தது அந்த நாற்றத்தைத்தான்.

அதிகாரியம்மா போட்டோ எடுத்தார், ஒன்றன்பின் ஒன்றாக. கட்டணம், "ஓனர்கிட்ட பேசணும், ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்று வாசல்வரைக்கும் பின்னாலேயே நடந்தார்.

"பேசுங்க. பழுது பார்க்கிறவரைக்கும் உங்க நோட்டீஸ் செல்லாது. நீங்க செய்ய வேண்டிய வேலையை இவர் செஞ்சார்னு வெளியே அனுப்பவும் முடியாது. இந்தச் சுவருக்கும் சேர்த்து இவங்ககிட்ட வாங்கின கட்டணத்துக்கெல்லாம் கணக்குக் காட்டணும். உத்தரவு எழுத்துல வரும்," என்றார் அவர். கட்டணம் தோல்பையை இறுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அதிகாரியம்மா குழாயில் கையைக் கழுவினார். என்னிடம் திரும்பி, "பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க மேல்முறையீடு போவாங்க, இழுத்தடிப்பாங்க. ஆனா உங்களை யாரும் இந்த மாசம் வெளியே தள்ள முடியாது. பாப்பாவை இந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க. எங்க ஆபீஸ் எஞ்சினியர் வந்து பார்க்கிறவரைக்கும் சுவரைத் தொடாதீங்க," என்றார். கடைசி வாக்கியத்தை என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "பெயிண்ட் அடிக்காதீங்க."

"அடிக்க மாட்டேன் மேடம்," என்றார் அவர்.

அதிகாரியம்மா படியிறங்கிப் போனார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சட்டப்படி இந்த அழுகின சுவரோடு நாங்கள் இங்கேயே இருக்கலாம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் செங்கலைப் பார்த்தபடி நின்றார். "டாக்டர் கேட்டப்போ இல்லைன்னு சொன்னேனே," என்றார். அவரைத் திட்ட நேற்றிலிருந்து எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். தகட்டை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. எதிர்வீட்டுப் பெண், கைக்குழந்தையோடு. புதிதாகக் குடிவந்தவள், எங்களை அண்ணா அண்ணி என்பாள். கண்ணில் பீதி.

"அண்ணா, யாரோ அதிகாரி வந்து வீடு பார்க்கிறாங்களாமே? எங்க வீட்டுக்கும் வருவாங்களா?" குரலை இறக்கினாள். "எங்க சுவரும் அடியில கறுத்துட்டு வருது அண்ணா. தொட்டில் கட்டியிருக்கிற பக்கம். உங்ககிட்ட மிச்சம் பெயிண்ட் இருந்தா, அவங்க வர்றதுக்குள்ள கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடறீங்களா?"

பெயிண்ட் வாளி கதவோரத்தில்தான் இருந்தது, பாதிக்கு மேல் நிறைந்து. அவள் அதைப் பார்த்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வாளியின் மூடியை எடுத்து, ஓரமெல்லாம் கையால் தட்டித் தட்டி மூடினார்.

"பெயிண்ட் இல்லம்மா," என்றார். "அந்த மேடம் இன்னும் கீழ இறங்கியிருக்க மாட்டாங்க. முட்டி வலிக்காரங்க. கூப்பிடட்டுமா?"

அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பார்வைக் கட்டணம், புகார்க் கட்டணம், மாசக் கடைசி எல்லாம் அவள் முகத்தில் ஓடுவதை நான் பார்த்தேன். போன வாரம்வரைக்கும் என் முகத்திலும் அதுதான் ஓடியது. குழந்தை தூக்கத்தில் இரண்டுமுறை இருமியது.

அவள் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் செருப்புக்கூடப் போடாமல், "மேடம், மேடம், கொஞ்சம் நில்லுங்க," என்று படியிறங்கி ஓடினேன்.